பெயர் சுட்டும் தளமும் பெயர் சுட்டா மரபும்: கல்லூரி மாணவர்களின் தன்வெளிப்பாடு குறித்த ஆய்வுகள் பற்றிய ஒரு திறனாய்வு

முன்னுரை

சமூக வலைத்தளங்களில் கல்லூரி மாணவர்கள் தம்மைப் பற்றி எவற்றை வெளியிடுகின்றனர், எவற்றை மறைக்கின்றனர் என்பது ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக ஆராயப்பட்டு வருகின்றது. இவ்வாய்வுகளுள் பெரும்பாலானவை தொடர்பியல், உளவியல், கணினி அறிவியல் ஆகிய துறைகளைச் சார்ந்தவை. தமிழியல் துறையினர் இவற்றை அயலார் வயல் எனக் கருதி ஒதுங்கி நிற்பதே வழக்கமாக இருந்து வந்துள்ளது. இனியும் அவ்வாறு ஒதுங்கி நிற்க இயலாது. நம் துறைகளில் மொழிக்கலப்பு, இளையோர் வழக்கு, வட்டார வழக்கு முதலியவற்றை ஆராயும் மாணவர்கள், முகநூலிலிருந்தும் புலனக் குழுக்களிலிருந்தும் சக மாணவர்களின் கூற்றுகளைத் தரவாக எடுத்து, திரையில் தெரிந்தவாறே படம்பிடித்து ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்த்துவிடுகின்றனர். அனுமதி பெற்றீர்களா என்று வாய்மொழித் தேர்வில் வினவினால் இரு விடைகள் கிடைக்கும். ‘பெயரை மறைத்துவிட்டோம்’ என்பது ஒன்று. ‘அது எல்லாரும் பார்க்கக்கூடிய இடத்தில்தான் இருந்தது’ என்பது மற்றொன்று.

இவ்விரு விடைகளும் நம் மாணவர்கள் கண்டுபிடித்தவையல்ல. 2008ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களிடமிருந்து ஏறத்தாழ இதே விடைகள் வந்தன, அவை நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்பதை விளக்குவதற்கு, நாம் வகுப்பறையில் ஆண்டுதோறும் கற்பிக்கும் அகத்திணை மரபு, அத்துறையினர் உருவாக்கிய பல கலைச்சொற்களைக் காட்டிலும் கூர்மையான கருவியைத் தருகின்றது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

சொல் பற்றி ஒரு குறிப்பு. ஆங்கிலத்தில் ‘பிரைவசி’ எனப்படுவதற்குத் தனியுரிமை, அந்தரங்கம், தன்மறைப்பு எனப் பல சொற்கள் நம்மிடையே வழங்குகின்றன. தனியுரிமை என்பது சட்டத்தின் சொல். உடையவர் ஒருவர், உரிமை ஒன்று என்ற கணக்கு அதில் அடங்கியுள்ளது. தன்மறைப்பு என்றால் மறைப்பதற்கு ஏதோ தவறு இருப்பதுபோல் தொனிக்கின்றது. அந்தரங்கம் வடசொல்லாயினும் வீட்டிலும் வழங்கும் சொல். உள்ளே இருப்பது என்ற பொருள் அதில் இன்னும் மங்கவில்லை. அகம் என்ற சொல்லோடு அது ஒட்டி நிற்பதால் இங்கு அதுவே கையாளப்படுகின்றது.

முரண் எனக் கூறப்பட்டது

இத்துறையில் முன்னோடியாகக் கருதப்படுவது ரால்ப் குரோஸ், அலெஸ்ஸாண்ட்ரோ அக்குவிஸ்தி ஆகிய இருவரும் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு. கார்னகி மெலன் பல்கலைக்கழக மாணவர்கள் 4,000க்கும் மேற்பட்டோரின் முகநூல் பக்கங்களை அவர்கள் தொகுத்துப் பார்த்தனர். 90.8 விழுக்காட்டினர் தம் படத்தை இட்டிருந்தனர். 87.8 விழுக்காட்டினர் பிறந்த நாளையும், 50.8 விழுக்காட்டினர் தங்கியிருக்கும் முகவரியையும், 39.9 விழுக்காட்டினர் தொலைபேசி எண்ணையும் கொடுத்திருந்தனர். தளத்தில் இயல்பாக அமைந்திருந்த பார்வை அமைப்புகளை மாற்றியவர்கள் மிகச் சிலரே. அடுத்த ஆண்டு சூசன் பார்ன்ஸ் என்பார் இளையோரின் வலைத்தளப் பழக்கத்தைப் பற்றி எழுதியபோது ‘அந்தரங்க முரண்’ என்ற தொடரைக் கையாண்டார். அந்தரங்கம் போய்விடுமோ எனப் பெரியோர் அஞ்சுகின்றனர்; இளையோரோ தம்மைப் பற்றிய செய்திகளைத் தாமே அள்ளி வழங்குகின்றனர் என்பது அதன் சாரம். பின்னர் வந்த கட்டுரைகளில் இத்தொடர் சற்றுத் திரிந்து, கவலையும் செயலும் ஒரே மாணவரிடத்தில் முரண்படுவதைக் குறிப்பதாயிற்று. பிறகு அது ஒரு முத்திரையாகவே ஆகிவிட்டது. கருத்தரங்குகளில் மாணவர்களைக் கடிந்துகொள்ள விரும்புவோர்க்கு அதைவிட வாய்ப்பான சொல் இல்லை.

எண்கள் உண்மையானவை, அவை எதை எண்ணின என்பதே வினா. 2004ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஹார்வர்டில் தொடங்கிய முகநூல், 2005இல் இன்னும் கல்லூரி மின்னஞ்சல் முகவரி உடையோர்க்கு மட்டுமே திறந்த தளமாக இருந்தது. ஒரு பல்கலைக்கழகத்து மாணவரின் பக்கம் இயல்பமைப்பில் அப்பல்கலைக்கழகத்தார்க்கே திறந்திருந்தது. பதின்மூன்று வயது நிரம்பிய எவரும் சேரலாம் என்ற நிலை 2006 செப்டம்பர் மாதத்தில்தான் வந்தது. எனவே, முகவரியை இட்ட மாணவர் அதனை ஊருக்குச் சொல்லவில்லை. தம் வளாகத்துக்குச் சொன்னார். விடுதிக் கதவில் பெயரையும் பாடத்தையும் எழுதி ஒட்டும் மாணவர் அந்தரங்கத்தைத் துறந்தவர் ஆகார். குரோஸும் அக்குவிஸ்தியும் எத்தனை கட்டங்கள் நிரப்பப்பட்டுள்ளன என்று எண்ணினர். யாரை எண்ணி நிரப்பினர் என்பதை அக்கணக்கு சொல்லாது. இருப்பினும் மாணவர்களை முற்றாக விடுவித்துவிடவும் முடியாது. அதே இருவர் 2006இல் நடத்திய வினாநிரல் ஆய்வு, தம் பக்கத்தை எவரெவர் காண முடியும் என்பதைக் கணிசமானோர் தவறாகவே அறிந்திருந்தனர் எனக் காட்டியது. குறை, கேட்போர் யார் என்று அறியாமையில் இருந்தது; கேட்போரைப் பற்றிக் கவலையே இல்லாமையில் அல்ல.

கவலை இருந்தது என்பதற்கு 2006 செப்டம்பரில் நிகழ்ந்ததே சான்று. நண்பர் ஒவ்வொருவரின் பக்கத்திலும் நிகழும் மாற்றங்களைத் திரட்டி, முகப்பிலேயே வரிசையாகக் காட்டும் ‘செய்தி ஓடை’யை முகநூல் அம்மாதம் புகுத்தியது. புதிதாக எந்தச் செய்தியும் வெளியிடப்படவில்லை. முன்னரே காணக்கூடியதாக இருந்தவைதாம் ஓரிடத்தில் குவிக்கப்பட்டன. எனினும், சில நாள்களுக்குள் இலட்சக்கணக்கான மாணவர்கள் அத்தளத்திலேயே குழு அமைத்து எதிர்த்தனர். நிறுவனத்தின் தலைவர் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்துப் புதிய கட்டுப்பாடுகளைச் சேர்க்க நேர்ந்தது. அந்தரங்கம் என்பது மறைவு மட்டுமே என்றால் இவ்வெதிர்ப்புக்குப் பொருளே இல்லை. ஒருத்தியின் காதல் முறிந்த செய்தி அவள் பக்கத்துக்கு வந்து பார்ப்போர்க்குத் தெரிவது ஒன்று. அவளை நினையாத நானூறு பேரின் முகப்பில் தானாகப் போய் விழுவது வேறொன்று. முரண் கோட்பாட்டாளர்கள் இந்நிகழ்ச்சியைப் போதிய அளவு பொருட்படுத்தவில்லை என்பது என் கருத்து.

நீண்டகாலத் தரவும் இதையே சொல்கின்றது. ஸ்டட்ஸ்மன், குரோஸ், அக்குவிஸ்தி மூவரும் கார்னகி மெலன் வளாகத்தின் 5,076 பயனரை 2005 முதல் 2011 வரை தொடர்ந்து கண்காணித்தனர். முதல் ஆண்டுகளில் அயலார்க்குத் தெரியுமாறு வெளியிடும் செய்திகள் ஆண்டுக்காண்டு குறைந்து வந்தன. 2009, 2010ஆம் ஆண்டுகளில் தளம் தன் அமைப்புகளை மாற்றியபோது அப்போக்கு ஓரளவு தலைகீழாயிற்று. அதாவது, மாணவர்கள் கதவைச் சாத்திக்கொண்டே வந்தனர். கட்டடக்காரர் வந்து கதவுகளை மாற்றிப் பொருத்தினார். இவ்வாய்வு 2013இல் வெளிவந்தது. முரண் என்ற சொல்லோ இன்றும் வழக்கொழியவில்லை.

கேட்போரும் களனும்

மேற்கில் இச்சிக்கலுக்கு விடை கண்டவர்களுள் முதன்மையானவர் ஹெலன் நிஸ்ஸன்பாம். 2004ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் 2010ஆம் ஆண்டு நூலிலும் அவர் வகுத்த கோட்பாடு, செய்தி ஒவ்வொன்றும் ஒரு சூழலுக்கு உரியது என்பதாகும். நோயாளி மருத்துவரிடம் சொன்னது மருத்துவமனைச் சூழலுக்கு உரியது. அதே செய்தி முதலாளியிடம் சென்றால் அந்தரங்கம் மீறப்படுகின்றது. சொல்லப்பட்டதா, மறைக்கப்பட்டதா என்பது அங்கே அளவுகோல் அன்று. யார் சொன்னார், யார் கேட்டார், எவ்விடத்தில் என்பவையே அளவுகோல்கள்.

தொல்காப்பியச் செய்யுளியல் கற்றோர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. செய்யுள் உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன் ஆகியவற்றைத் தனித்தனியே வைத்து எண்ணுகின்றது அந்நூல். தோழி தலைவியிடம் கூறுவதும், அதே சொற்களைத் தலைவன் சிறைப்புறத்தே நிற்கத் தலைவியிடம் கூறுவதும் ஒன்றல்ல. சொல் மாறாவிடினும் துறை மாறிவிடுகின்றது. டானா பாய்ட் என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டும் ஒரு நிகழ்வு சிறைப்புறத்துக்கு மிக அணுக்கமானது. காதலனைப் பிரிந்த பதினேழு வயதுப் பெண்ணொருத்தி, முகநூலில் தன் தாயும் இருப்பதை அறிந்து, மகிழ்ச்சியைப் பாடுவதுபோல் தோன்றும் ஓர் ஆங்கிலப் பாட்டின் வரியை இடுகிறாள். அப்பாட்டு இடம்பெறும் திரைப்படத்தை அறிந்த தோழியர்க்கு அவள் துயரம் விளங்குகின்றது. தாய்க்கோ மகள் களிப்புடன் இருப்பதாகத் தோன்றுகின்றது. இதனை ‘சமூக மறைகுறி’ என்பர் அத்துறையினர். நம் மாணவர்களும் இதில் தேர்ந்தவர்களே. விரிவுரையாளரைச் சேர்த்து ஒரு புலனக் குழுவும், அவரில்லாமல் வேறொரு குழுவும் இயங்குவதை அறியாத ஆசிரியர் இன்று இருக்க முடியாது. இரண்டாவது குழுவின் இருப்பை அவமதிப்பாகக் கருதுவோர் உளர். கேட்போரை அறிந்து களனைப் பிரிக்கத் தெரிந்த மாணவர்களே அவ்வாறு செய்கின்றனர் என்பேன் நான்.

வெளிப்படுத்துவதால் பயனும் உண்டு என்பதை இங்கு விட்டுவிடலாகாது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக மாணவர்களிடையே எலிசன், ஸ்டெய்ன்ஃபீல்டு, லாம்ப் ஆகியோர் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வு, முகநூல் பயன்பாட்டுக்கும் வளாகத்தில் அறிமுக வட்டம் விரிவதற்கும் தொடர்பு கண்டது. தன்மதிப்புக் குறைந்த மாணவர்களிடம் அத்தொடர்பு சற்று மிகுதியாகவே இருந்தது. திருக்குறளின் அலரறிவுறுத்தல் அதிகாரத்திலும் அலர் துன்பமாக மட்டும் காட்டப்படவில்லை. ஊர்ப்பேச்சு காதலை வளர்க்கும் எருவாகவும் அங்கே பேசப்படுகின்றது. இவ்வளவும் கூறுவதால், எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது என்று மார்தட்டும் வரிசையில் இக்கட்டுரையைச் சேர்த்துவிட வேண்டா. அகமரபு பாடல் இயற்றுவோர்க்கான இலக்கணம். மாந்தரின் உரிமையைக் காக்க எழுந்த சட்டம் அன்று. தலைவி என்ற கற்பனை மாந்தரை யாரும் வழக்கில் இழுக்கப்போவதில்லை. அம்மரபிடமிருந்து இங்குப் பெறுவது ஒரே ஒரு நுட்பம். அது பெயர் பற்றியது.

வேம்பும் பாடப்பெயரும்

அன்பின் ஐந்திணையில் தலைமக்களுள் ஒருவரையும் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது அகத்திணையியல் விதி. உணர்வு எவ்வளவு விரிவாகவும் வெளிப்படலாம். உடல் மெலிவு, உறக்கமின்மை, தாய்க்கு அஞ்சுதல், ஊடல் யாவும் பாடப்படலாம். மாணவர்கள் இன்று தம் பக்கங்களில் எழுதும் எதைக் காட்டிலும் அகப்பாடல்கள் வெளிப்படையானவை. அவ்வெளிப்பாட்டுக்கு இடந்தருவது பெயர் இல்லாமையே. பெயர் வந்தால் அது புறமாகிவிடும். முகநூல் இதற்கு நேர்மாறான விதியின்மேல் எழுப்பப்பட்டது. இயற்பெயரோடு வருக என்பதே அதன் நுழைவு விதி. 2005ஆம் ஆண்டு ஆய்விலேயே 89 விழுக்காட்டினரின் பெயர்கள் உண்மைப் பெயர்களாகத் தோன்றின எனக் குறிக்கப்பட்டுள்ளது. அகத்தின் பேச்சைப் புறத்தின் விதியோடு பேசவைத்ததே இத்தளங்கள் செய்த புதுமை. எத்தனை கட்டங்கள் நிரப்பப்பட்டன என்பதைவிட இதுவே ஆராயத்தக்கது.

அம்பலுக்கும் அலருக்கும் இறையனார் களவியல் உரை காட்டும் வேறுபாடும் இங்கு உதவும். அம்பல் முகிழ்போன்றது என்றும், அது எதைப் பற்றியது எனத் தெளிவாக அறிய இயலாது என்றும் விளக்கும் அவ்வுரை, இன்னாரோடு இன்னாரிடையே இன்னது நிகழ்ந்தது போலும் என விளங்கச் சொல்வதை அலர் என்கின்றது. ஒலியின் அளவோ, பேசுவோர் தொகையோ அங்கே வேறுபாட்டை உண்டாக்கவில்லை. இன்னார் என்று அறியப்படுதலே உண்டாக்குகின்றது.

பெயரை நீக்கிவிட்டால் அறியப்படுதலும் நீங்கிவிடுமா என்பது அடுத்த வினா. இவ்வினாவுக்கு நம் உரைமரபில் புகழ்பெற்ற விடை ஒன்று உண்டு. நெடுநல்வாடையில் அரசன் பெயரில்லை, அரசியின் பெயருமில்லை. பிரிவாற்றாத தலைவி அரண்மனையில் துயருறுகிறாள். தலைவன் பாசறையில் இருக்கிறான். முழுமையும் அகமாகவே அமைந்த அப்பாட்டில், பாசறைக் காட்சியில், வேலின் தலையில் வேம்பு கட்டப்பட்டிருப்பதாக ஒரு குறிப்பு வருகின்றது. வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளப் பூ. அடையாளப் பூக் கூறப்பட்டமையால் இஃது அகமாகாது என்றார் நச்சினார்க்கினியர். இம்முடிவை ஏற்போரும் மறுப்போரும் இன்றளவும் உளர். பாட்டு அகமா புறமா என்ற அவ்வழக்குக்குள் நாம் புக வேண்டியதில்லை. பெயரைச் சொல்லாமலே ஒருவரைச் சுட்டிவிடலாம். அதற்கு நூற்றெண்பத்தெட்டு அடிகளுள் ஓர் இலை போதும் என்று உரையாசிரியர் கண்டாரே, அந்தக் கண் இங்கு வேண்டியுள்ளது.

2008 செப்டம்பரில் ஹார்வர்டு ஆய்வாளர் குழு ஒன்று, ஒரே ஆண்டில் கல்லூரியில் சேர்ந்த 1,640 மாணவர்களின் முகநூல் தரவை ஆய்வுலகப் பயன்பாட்டுக்கு வெளியிட்டது. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியுதவி பெற்ற பணி அது. பெயர்களும் அடையாள எண்களும் நீக்கப்பட்டிருந்தன. பல்கலைக்கழகத்தின் பெயரும் கூறப்படவில்லை. அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள தனியார் கல்லூரி என்ற அளவில் நின்றது குறிப்பு. மைக்கேல் சிம்மர் என்ற ஆய்வாளர் தரவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. தரவோடு வெளியிடப்பட்ட விளக்கக் குறிப்பேட்டையும் குழுவினர் பொதுவில் கூறியிருந்தவற்றையும் மட்டும் படித்து, அது ஹார்வர்டுதான் எனக் கண்டறிந்தார். குறிப்பேட்டில் மாணவர்களின் முதன்மைப் பாடங்கள் பட்டியலிடப்பட்டிருந்தன. அப்பட்டியலில் இருந்த சில பாடப்பெயர்கள் மிகச் சில பல்கலைக்கழகங்களிலேயே வழங்குபவை. மாணவர் விடுதி ஒதுக்கப்படும் முறை பற்றிய விவரமும் ஹார்வர்டின் வழக்கத்தோடு பொருந்தியது. பாடப்பெயரே வேம்பாயிற்று. பல்கலைக்கழகம் தெரிந்தபின் எஞ்சியது எளிது. சில மாநிலங்களிலிருந்தும் சில இனங்களிலிருந்தும் ஒரே ஒரு மாணவர்தான் அத்தொகுப்பில் இருந்தார். ஒருவர் மட்டும் இருக்கும் கட்டத்துக்குப் பெயர் எதற்கு?

‘எல்லாரும் பார்க்கக்கூடிய இடத்தில் இருந்ததைத்தானே எடுத்தோம்’ என்ற வாதமும் தளர்ந்தது. தரவைத் தொகுத்த உதவியாளர்கள் ஹார்வர்டு மாணவர்கள். வளாகத்தார்க்கு மட்டும் திறந்து வைக்கப்பட்ட பக்கங்கள் அவர்களுடைய கணக்கின்வழித் திறந்தன. அயலார் ஒருவர் தேடியிருந்தால் அவை கிடைத்திரா. களனுக்குள் இருப்போர் கேட்டதைக் களனுக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு, இது முன்பே வெளியில்தான் இருந்தது என்பது எவ்வகை வாதம்? பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழு இதற்கு இசைவு வழங்கியிருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பின்னர் அத்தரவு விலக்கிக்கொள்ளப்பட்டது. இதில் வியப்பூட்டும் செய்தி ஒன்றுண்டு. அதே தரவைக்கொண்டு அக்குழுவினர் அதே ஆண்டில் வெளியிட்ட கட்டுரைகளுள் ஒன்று, எவ்வகை மாணவர்கள் தம் பக்கத்தை மூடி வைக்கின்றனர் என்பதைப் பற்றியது. நண்பர்களும் அறைத்தோழர்களும் மூடி வைத்தால் தாமும் மூடி வைக்கின்றனர் என்றும், பெண்கள் மிகுதியாக மூடி வைக்கின்றனர் என்றும் அது நுட்பமாக நிறுவியது. மாணவர்களின் அந்தரங்க நாட்டத்தை நன்கு அறிந்திருந்தோரே அவர்கள் அறியாமல் அத்தரவை வெளியிட்டனர்.

அகமரபு துணைசெய்யாத இடம்

ஒப்பீட்டை இதற்குமேல் நீட்டினால் அது பொய்த்துவிடும். அலர் தூற்றுவோர் ஊரார். அவர்களுக்கு வாயுண்டு, முகமுண்டு, தெருவுண்டு. மேலே குறித்த ஸ்டட்ஸ்மன் குழுவினர் ‘வாய்பேசாக் கேட்போர்’ என்று ஒரு வகையினரைச் சுட்டுகின்றனர். மாணவர்கள் அயலார்க்குக் கதவைச் சாத்தி, நண்பர்க்குள் மிகுதியாகப் பேசத் தொடங்கியபோது, அப்பேச்சு முழுவதும் தள நிறுவனத்துக்கும் செயலி நடத்துவோர்க்கும் விளம்பரதாரர்க்கும் சென்றுகொண்டிருந்தது. கொசின்ஸ்கியும் உடனாய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு, 58,000க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் முகநூலில் இட்ட விருப்பக்குறிகளைக் கொண்டே அவர்களின் அரசியல் சார்பு, பாலியல் நாட்டம் போன்றவற்றைக் கணிசமான துல்லியத்தோடு ஊகிக்கலாம் எனக் காட்டியது. இங்கு ஒருவர் எதையும் வெளியிட வேண்டியதில்லை. பெயர் கூடத் தேவையில்லை. தலைவியின் தோள் மெலிவு கண்டு செவிலி ஊகித்தாள் எனலாம். ஆனால், செவிலியிடம் மறைத்து மன்றாட முடியும். கணிப்பு நிரலிடம் அது முடியாது. 2018இல் வெளிப்பட்ட கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தில் 8 கோடியே 70 இலட்சம் பேர் வரையிலானோரின் தரவு முறைகேடாகப் பகிரப்பட்டிருக்கலாம் என முகநூலே ஒப்புக்கொண்டது. இவ்வளவில் அந்தரங்கம் தனிமனிதரின் விழிப்போடு நில்லாமல் அரசும் சட்டமும் தலையிடும் பொருளாகிவிடுகின்றது.

மலேசிய வாசகர்க்கு இன்னொரு நினைவும் எழலாம். முகநூலுக்கு முன் நம் கல்லூரிகளில் ஃபிரெண்ட்ஸ்டர் தளமே கோலோச்சியது. ஒருவர் பக்கத்தில் மற்றவர் எழுதும் நற்சான்றுரைகளைத் தொகுத்திருந்தால் அக்காலத் தமிழ் இளையோர் வழக்குக்கு அது ஒரு சுரங்கமாக இருந்திருக்கும். 2009இல் மலேசிய நிறுவனமான மோல் அதனை வாங்கியது. 2011ஆம் ஆண்டு அது விளையாட்டுத் தளமாக மாற்றப்பட்டபோது பழைய படங்களும் பதிவுகளும் அழிக்கப்பட்டன. மொழியாய்வாளனாக அவ்விழப்புக்கு வருந்துகின்றேன். எழுதியவர்களுள் எத்தனை பேர் வருந்தினர் என்பது வேறு செய்தி.

பின்னிணைப்பில் இருப்பவர்

நம் ஆய்வேடுகளுக்கு வருவோம். சட்டம் இவ்விடத்தில் நமக்கு அதிகம் வழிகாட்டாது. 2013 நவம்பரில் நடப்புக்கு வந்த மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிமாற்றங்களைச் சார்ந்தது. ஆய்வுக்கு அது தரும் விலக்கிலும், முடிவுகள் ஒருவரை அடையாளங்காட்டும் வடிவில் வெளியிடப்படலாகாது என்ற நிபந்தனை உண்டு. சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவில் கிடைக்கும் தரவுக்கு இசைவு வேண்டுவதில்லை. ஆகவே, சட்டப்படி தவறில்லை என்று ஒரு மாணவர் வாதிட இடமுண்டு. பாடப்பெயர்ப் பட்டியலை வெளியிட்டவர்களிடமும் ஏறத்தாழ இத்தகைய இசைவுத்தாள்கள் இருந்தன.

நம் சமூகத்தின் அளவு இச்சிக்கலைப் பெரிதாக்குகின்றது. தமிழை முதன்மையாகக் கற்பிக்கும் பொதுப் பல்கலைக்கழகங்கள் இந்நாட்டில் மிகச் சில. ஓராண்டு மாணவர்கள் வருகைப் பதிவேட்டின் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடுவர். ‘தகவலாளர் 7: ஆண், மூன்றாம் ஆண்டு, கெடா, தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் பயின்றவர்’ என்று ஆய்வேடு ஒன்று குறிக்குமாயின், அத்துறையில் பயின்ற எவர்க்கும் அவர் யாரெனத் தெரிந்துவிடும். சமூக மொழியியலுக்கு வயது, பால், வட்டாரம், பள்ளி யாவும் தேவை என்பது உண்மையே. அத்தேவைகள் ஒவ்வொன்றும் ஓர் இலை வேம்பு.

கூற்றே அடையாளமாவதும் உண்டு. உரோமன் எழுத்தில் தமிழை எழுதும் மாணவர்களுக்குப் பொதுவான எழுத்துக்கூட்டல் கிடையாது. ழகரத்தை ஒருவர் ஒருவாறு எழுதுவார். நெடிலை மற்றொருவர் மூன்று எழுத்துகளால் நீட்டுவார். மலாய்ச் சொல்லுக்குத் தமிழ் வேற்றுமை உருபை ஒட்டும் முறையிலும் ஆளுக்கொரு பழக்கம் உண்டு. கையெழுத்தை அறிவதுபோல் அதனைக் கொண்டே எழுதியவரைத் தோழர்கள் அறிந்துகொள்வர். பொதுத்தளத்தில் எழுதப்பட்ட கூற்றாயின், அதனை அப்படியே தேடுபொறியில் இட்டால் எழுதியவரின் பக்கமே வந்து நிற்கக்கூடும். பெயரின்மேல் கறுப்புக் கோடு இழுப்பதால் இவற்றுள் எதுவும் மறைவதில்லை.

ஆய்வேடுகள் முன்பு நூலகத்தின் மூலையில் உறங்கின. எண்மப்படுத்தப்பட்டு இணையத்தில் ஏறும் இக்காலத்தில் அவற்றின் பின்னிணைப்புகளும் உடன் ஏறுகின்றன. பத்தொன்பது வயதில் தேர்வுக்கு முந்திய இரவு நண்பரோடு விளையாட்டாகப் பேசிய கலப்புமொழி, இருபத்தொன்பது வயதில் தமிழாசிரியராகப் பணியாற்றுவோரின் பெயரோடு ஒட்டிக்கொள்ளலாம். அவருடைய மாணவர்களும் தேடத் தெரிந்தவர்கள்.

தீர்வு எளிதன்று. கூற்றைப் பொழிப்பாக மாற்றித் தரலாம் என்று பிற துறையினர் கூறுவர். சமூகவியலுக்கு அது போதும். மொழிக்கலப்பு ஆய்வுக்கோ ஒலியும் உருபும் மாறினால் தரவே இல்லை. முன்னரே சொல்லிவிட்டுத் திரட்டினால் இயல்பான பேச்சு கிடைக்காது என்பது லேபோவ் காலந்தொட்டு அறிந்த இடர்ப்பாடு. எழுதப்பட்டபின் எழுதியவரிடம் அந்தக் குறிப்பிட்ட கூற்றைக் காட்டி, ‘இதை, இவ்விவரங்களோடு, இவ்வாறு வெளியிடப்போகிறோம்’ என்று இசைவு பெறும் முறையே இவ்விரண்டுக்கும் இடையில் எஞ்சுகின்றது. புலனக் குழுவாயின் எழுதியவரோடு அக்குழுவில் இருப்போரும் கேட்கப்பட வேண்டும். அது அவர்கள் களனும் ஆகும். வட்டாரம், பள்ளி முதலிய விவரங்களைக் கூற்றோடு ஒட்டாமல் மொத்த அட்டவணையாகத் தனியே தருவதும் இயலும். சிறிது உழைப்பு கூடும், அவ்வளவே.

இசைவு மறுக்கும் மாணவர்கள் இருப்பர். சுவையான கூற்றுகளுக்கு உரியவர்களே பெரும்பாலும் மறுப்பர். அவர்களுடைய கூற்றுகள் நீங்கினால், நாற்பது எடுத்துக்காட்டுகள் வேண்டிய ஆய்வேட்டில் இருபத்தாறு எஞ்சக்கூடும். அந்த இருபத்தாறைத் தரவுக் குறைவு என்று தேர்வாளர் அறிக்கையில் எழுதுவதா, ஏற்பதா என்பதை ஒவ்வொரு துறையும் அடுத்த ஆய்வேட்டுப் பருவம் தொடங்குமுன் தன் கூட்டத்தில் தீர்மானித்து, நெறியாளர்க்கும் மாணவர்க்கும் எழுத்தில் அறிவித்தல் வேண்டும்.